மூட்டுவாத கிளினிக்கில் கணினி: எதை முதலில், எதை அப்புறம்

மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் ஒரு கிளினிக் கணினிக்கு மாறப்போகிறது என்று தெரிந்தால் போதும், ஆளுக்கொரு பொருளோடு வந்து நிற்பார்கள். நோயாளியின் போனில் போடும் செயலி என்பார் ஒருவர். வீடியோ ஆலோசனை, மருந்து எழுதும்போது எச்சரிக்கும் மென்பொருள், நாடு தழுவிய நோயாளர் பதிவேட்டில் சேர்வது என்று மற்றவர்கள். இப்போது புதிதாக, டாக்டர் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெழுதும் ஏஐ. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நன்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ், வரவேற்பில் ஒருவர் என்று ஓடும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் திணித்தால் ஒன்றும் ஒட்டாது. எதை முதலில் கொண்டுவருவது என்று வரிசை போட்டாக வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருகையிலும் நோயின் தீவிரத்தை ஓர் எண்ணாக அளந்து, அதற்கென்று உள்ள கட்டத்தில் பதிவது முதல் வேலை. மற்ற வசதிகளில் பெரும்பாலானவை இந்த எண்ணை நம்பித்தான் வேலை செய்கின்றன. அதோடு சேர்த்து, முடக்குவாதத்துக்கு அதிகம் எழுதப்படும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதும் திரையைச் சரிசெய்ய வேண்டும். மீதியெல்லாம் பிறகு.

எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியம்? முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில், சர்க்கரை நோய்க்கு ஹெச்பிஏ1சி இருப்பதுபோல ஒரே ரத்தப் பரிசோதனையில் நிலவரம் தெரிந்துவிடாது. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் சரியாக இருக்கும்போதே விரல் மூட்டுகள் வீங்கியிருக்கலாம். எனவே மூட்டுகளை அழுத்திப் பார்த்து, நோயாளியைக் கேட்டு, கூட்டித்தான் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டு மருந்தை மாற்றினால் பலன் உண்டா என்பதை 2004-இல் வெளியான கிளாஸ்கோவின் டிகோரா ஆய்வு காட்டியது. 110 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை மாதாமாதம் அளந்தார்கள். எண் குறையாவிட்டால் மருந்தைக் கூட்டினார்கள். மற்ற பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. 18 மாத முடிவில் நோய் அடங்கியவர்கள் முதல் பிரிவில் 65 சதவீதம், இரண்டாவதில் 16 சதவீதம். உயிரணுக்களில் தயாராகி, உடலின் எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதியை அடைக்கும் விலையுயர்ந்த பயாலஜிக் மருந்துகள் எதுவும் இதில் இல்லை. பழைய மருந்துகளையும் மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் வைத்தே இந்த வித்தியாசம் வந்தது.

சாதாரணமாக ஒரு குறிப்பு எப்படி இருக்கும்? "மூட்டுகள் பரவாயில்லை. அதே மருந்து. மூன்று மாதம் கழித்து வரவும்." அந்த நோயாளிக்கு உண்மையில் வலிக்கும் மூட்டு 4, வீங்கிய மூட்டு 3, நோயாளி தன் நிலைக்குப் பத்துக்குக் கொடுக்கும் மதிப்பு 4, டாக்டர் கொடுப்பது 3 என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டினால் 14. சிடிஏஐ என்ற அளவுகோலில் 10-க்கு மேல் போனாலே நடுத்தரத் தீவிரம். "பரவாயில்லை" என்ற சொல்லுக்குள் மருந்தை மாற்ற வேண்டிய ஒரு நோய் உட்கார்ந்திருக்கிறது. இப்படியே நாலு வருகை போனால் ஒரு வருஷம் ஓடிவிடும். எலும்பு அரிப்பு அதற்காகக் காத்திருக்காது.

எந்த அளவுகோல்?

இந்த இடத்தில்தான் நிறைய கிளினிக்குகள் மாட்டிக்கொள்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் தென்படுவது டிஏஎஸ்28. 28 மூட்டுகளின் வலி, வீக்கம், ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, நோயாளியின் மதிப்பீடு ஆகியவற்றை வர்க்கமூலம், மடக்கை எல்லாம் போட்டுக் கணக்கிடும் சூத்திரம். 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியது, 5.1-க்கு மேலே போனால் கடும் தீவிரம். கணக்கைக் கணினி போட்டுவிடும், அதில் சிக்கல் இல்லை. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது ரத்த முடிவு கைக்கு வந்திருக்க வேண்டுமே, அதுதான் சிக்கல். வராவிட்டால் கட்டம் காலியாகவே போகும். இன்னொன்றும் உண்டு. டோசிலிசுமாப் போல, அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற புரதத்தின் வழியை அடைக்கும் மருந்துகள் சிஆர்பியையும் ஈஎஸ்ஆரையும் நேரடியாகவே இறக்கிவிடும். மூட்டு அவ்வளவாகக் குறையாதபோதும் எண் அழகாகத் தெரியும்.

2005-இல் வந்த சிடிஏஐக்கு ரத்தப் பரிசோதனையே வேண்டாம். நான்கு எண்களை மனக்கணக்காகக் கூட்டலாம். 0 முதல் 76 வரை போகும், 2.8 வரை அடங்கிய நிலை, 10 வரை குறைந்த தீவிரம், 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. டாக்டர் மூட்டுகளை அழுத்திப் பார்க்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் இதன் செலவு.

மூன்றாவது ராபிட்3. இதில் டாக்டருக்கு வேலையே இல்லை, முழுக்க நோயாளி நிரப்புவது. சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, நிறைந்த கோப்பையை வாய்வரை தூக்க முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, கீழே விழுந்த துணியைக் குனிந்து எடுக்க முடிகிறதா என்பது போன்ற பத்துக் கேள்விகள், கூடவே வலிக்கு ஒரு மதிப்பெண், மொத்த நிலைக்கு ஒன்று. 30-க்குக் கணக்கு, 12-ஐத் தாண்டினால் கடுமை. காத்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும் என்பதால் கிளினிக்கின் ஓட்டத்தைக் கெடுக்காது. குறை என்னவென்றால், வலி எதனால் வருகிறது என்று இதற்குத் தெரியாது. முடக்குவாதத்தோடு, உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவும் உள்ளவருக்கு மூட்டில் வீக்கமே இல்லாமல் ராபிட்3 உச்சத்தில் நிற்கும். முழங்கால் தேய்ந்தவருக்கும் அப்படித்தான். எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் தேவையில்லாத மருந்துதான் உள்ளே போகும்.

நான் தேர்ந்தெடுப்பது சிடிஏஐயும் ராபிட்3-உம் சேர்ந்த ஜோடி. ஒன்று டாக்டரின் கை சொல்வது, மற்றது நோயாளியின் அன்றாடம் சொல்வது. இரண்டும் ஒரே திசையில் போனால் நல்லது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால், பேச வேண்டிய விஷயம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டிஏஎஸ்28 கேட்கும் ஆய்விலோ காப்பீட்டிலோ சிக்கியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சிடிஏஐயும் எண்ணுவது அதே 28 மூட்டுகளைத்தான், பாத மூட்டுகள் அதில் சேராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நடக்கும்போது முன்பாதம் வலிக்கிறது என்பவரின் மூட்டுக் கணக்கு பூஜ்யமாகவே இருக்கலாம்.

பதிவு செய்யும் முறையிலும் ஒரு தேர்வு உண்டு: டேப்லெட்டா, காகிதமா? டேப்லெட் வாங்கினால் முதல் வாரத்திலேயே தெரியவரும், வீங்கிய விரலுக்குச் சின்னப் பொத்தான் ஒத்துவராது. நகர்த்தும் கோடு வைத்த கேள்விகளில் விரல் வழுக்கி 3 என்பது 6 ஆகிவிடும். பெரிய கட்டங்களில் 0 முதல் 10 வரை எண்களைத் தனித்தனியாகப் போட்டால் பிழை குறையும். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், நோயாளி வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். படிக்க முடியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். கூட வந்த மகனிடம் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டால், "அம்மாவுக்கு இப்போ நல்லா இருக்கு" என்று எல்லாவற்றுக்கும் 2 போட்டு முடித்துவிடுவார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் 'சமர்ப்பி' அழுத்தியாகிவிடும். இத்தனையும் பார்த்தால், முதல் ஆறு மாதம் காகிதத்தில் ஓட்டி, வரவேற்பில் இருப்பவர் எண்ணை மட்டும் கணினியில் ஏற்றுவது ஒன்றும் தாழ்ந்த வழியல்ல. எப்படி வந்தாலும் அந்த எண் குறிப்பு எழுதும் பெட்டிக்குள் புதையாமல், தனிக் கட்டத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் அது கோடாக வரையப்படும்.

அந்தக் கோடு திரையில் வந்துவிட்டால் உரையாடலின் நிறமே மாறும். ஸ்டீராய்டைக் குறைத்த மாதத்தில் எண் எப்படி ஏறியது என்று டாக்டரும் நோயாளியும் ஒன்றாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கெய்சிங்கர் மருத்துவ அமைப்பு, நோயாளி தொடுதிரையில் நிரப்புவது, நர்ஸ் சேர்ப்பது, டாக்டரின் மூட்டுக் கணக்கு, மருத்துவப் பதிவில் ஏற்கெனவே உள்ள பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கோர்த்துக் காட்டும் மென்பொருளைத் தன் மூட்டுவாதப் பிரிவில் கட்டியது. யார் எதை, எப்போது நிரப்புவது என்று வேலையைப் பிரித்து வைத்ததைத்தான் அதில் பாராட்டுவேன்.

மெத்தோட்ரெக்ஸேட் திரை

மருந்து எச்சரிக்கை மென்பொருள்களை நான் பொதுவாகச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரு மருந்துச் சீட்டுக்கு ஏழு எச்சரிக்கை துள்ளினால், டாக்டரின் விரல் படிக்காமலே 'சரி' அழுத்தப் பழகிவிடும். ஆனால் இரண்டு மூன்று விஷயங்களில் இது உயிர் காக்கும்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை. தினமும் போட்டுவிட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் வரை போகும், இறந்தவர்கள் உண்டு. இத்தனை தெரிந்தும் பல மென்பொருள்களில் எந்த மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாலும் "தினமும் ஒருமுறை" என்பதுதான் தானாக வந்து நிற்கும். பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்காக இயங்கும் அமெரிக்காவின் ஐஎஸ்எம்பி, இந்த மருந்துக்கு வார அளவே இயல்பாக வர வேண்டும் என்கிறது. யாராவது தினசரிக்கு மாற்றினால், புற்றுநோய்ச் சிகிச்சைக்குத்தான் என்று உறுதி கேட்காமல் திரை நகரக் கூடாது என்றும் சொல்கிறது. 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமையும் இந்தத் தவற்றைத் தடுக்கப் புதிய நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது. அமைப்புகளை மாற்றும் உரிமை உள்ளவர் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரு மதியத்தில் முடிகிற வேலை இது. எந்தக் கிழமை என்று சீட்டில் அச்சாகும்படியும் அப்போதே செய்துவிடலாம். இதைச் செய்ய முடியாது என்று சொல்லும் மென்பொருளை வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை நினைவூட்டல். மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கி முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் 12 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். டாக்டர் முன் துள்ளும் பெட்டியாக இது வரத் தேவையில்லை. தவணை தாண்டியவர்களின் பட்டியல் திங்கட்கிழமை காலையில் நர்ஸின் திரையில் வந்தால் போதும். அவர் போன் போட்டுக் கூப்பிடுவார். விழித்திரையைப் பாதிக்கக்கூடிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற இன்னொரு மூட்டுவாத மருந்துக்கும் இதே மாதிரி: தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கண் பரிசோதனை தொடக்கத்தில் ஒருமுறை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருஷா வருஷம். எடையைப் பதிவில் புதுப்பிக்காமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும், அதையும் பார்க்க வேண்டும். பயாலஜிக் தொடங்குமுன் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனை நடந்ததா என்று கேட்கும் ஒரு தடை. இவ்வளவு போதும். பாக்கி எச்சரிக்கைகளை அணைத்துவிடலாம் என்பதே என் எண்ணம்.

செயலியும் வீடியோவும்

விற்பனைப் பேச்சில் அதிகம் மின்னுவது வீட்டிலிருந்து நிரப்பும் செயலிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் நோயாளியின் இடைப்பட்ட நாட்கள் டாக்டருக்கு இருட்டுதான், அந்தக் குறையை இது தீர்க்கும் என்கிறார்கள். உண்மைதான். முடக்குவாதம் கிளம்பும், அடங்கும். டாக்டரைப் பார்க்கும் நாளில் அடங்கியே இருக்கலாம்.

ஆனால் யாருக்கு என்று கேட்க வேண்டும். டென்மார்க்கில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. நோய் அடங்கியோ குறைந்த தீவிரத்திலோ இருந்த முடக்குவாத நோயாளிகள் வீட்டிலிருந்து கேள்விகளை நிரப்பினார்கள். டாக்டரோ நர்ஸோ போனில் பேசினார்கள். தேவைப்பட்டால்தான் நேரில் வரச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், நோயின் தீவிரம் வழக்கம்போல் நேரில் வந்தவர்களைவிட மோசமாகவில்லை. கவனியுங்கள், இவர்கள் நிலைப்பட்ட நோயாளிகள். அந்த நிலையை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? முதலில் அளந்ததால். உங்கள் நோயாளிகளில் யார் அடங்கியவர், யார் அடங்காதவர் என்று பட்டியல் எடுக்க முடியாத கிளினிக்குக்குச் செயலியை யாரிடம் கொடுப்பது என்றே தெரியாது.

இன்னொரு கேள்வியையும் விற்பவர்கள் தொடமாட்டார்கள். வெள்ளி இரவு ஒருவர் வலி 9 என்று அழுத்துகிறார். அதை யார் பார்ப்பது? திங்கள் வரை யாரும் பார்க்கவில்லை என்றால் பொறுப்பு யாருடையது? இதற்குப் பதில் எழுதி வைக்காமல் செயலியைத் தொடங்கக் கூடாது. தினமும் நிரப்பச் சொன்னால் ஆரம்ப ஆர்வம் வடிந்துபோகும். நிரப்பியதை டாக்டர் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் இன்னும் சீக்கிரம் வடியும். செயலியில் நிரப்புவது கிளினிக்கின் பதிவுக்குள்ளேயே வந்து சேராமல் தனி வலைத்தளத்தில் நின்றால், அதற்கென்று இன்னொரு கடவுச்சொல் போட்டுத் திறக்க எந்த டாக்டருக்கும் நேரம் இருக்காது.

வீடியோ ஆலோசனை 2020-இல் பெருந்தொற்று வந்தபோது ஒரே மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மருந்தின் பக்கவிளைவு பேச, பரிசோதனை முடிவு சொல்ல, நிலையாக இருப்பவரைத் தொடர்ந்து பார்க்க இது போதும். தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் திரை வழியாக மூட்டை அழுத்த முடியாது. லேசான வீக்கம் கேமராவில் தெரியாது. முதல் தடவை வருபவர், புதிதாக ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடாக வீங்கியவர், வயதானவருக்குப் புதுத் தலைவலியோடு பார்வை மங்குவது ஆகியவை வீடியோவுக்கு ஆகாது. கடைசியில் சொன்னது, தலையின் ரத்தக் குழாய்களில் அழற்சி வரும் ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸாக இருந்தால் நாள் கடத்துவதில் கண்ணே போய்விடும். வரவேற்பில் போன் எடுப்பவருக்கு இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீடியோ தவணைகளைத் திறக்க வேண்டும். செயலியையும் வீடியோவையும் ஒப்பிட்டால், வீடியோவை முதலில் எடுப்பேன். அதற்குப் புதிதாக யாரும் எதையும் கற்க வேண்டியதில்லை. சரிவரவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம்.

இடையில் ஒன்று. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வீங்கும் கௌட் நோயாளிகள் அதிகம் உள்ள கிளினிக் என்றால் கணக்கு மாறும். அங்கே குறி ஒரே எண்தான்: ரத்த யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே. 2018-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் நர்ஸ்கள் விளக்கிச் சொல்லி, அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இரண்டு வருஷத்தில் 95 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 30 சதவீதம். இதற்கு ஒரு பட்டியலும் ஒரு போனும் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பதிவேடு, அப்புறம் ஏஐ

நோயாளர் பதிவேட்டில் சேர்வது உடனடியாகக் கிளினிக்குக்கு எதுவும் தராதது போலத் தோன்றும். பலன் பெரிய அளவில்தான் தெரியும். டென்மார்க்கின் டான்பியோ பதிவேடு 2000-இல் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. அங்கே இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற பயாலஜிக் மருந்திலிருந்து, அதைப் போலவே வேறு நிறுவனம் தயாரிக்கும் பயோசிமிலருக்கு எல்லோரையும் மாற்றச் சொன்னபோது, 802 பேரின் நோய் தீவிரத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலும் மாறவில்லை. பிரிட்டனின் பதிவேடு 2001-இல் தொடங்கியது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளில் எட்டனர்செப்ட்டைவிட அடாலிமுமாப் எடுப்பவர்களுக்குக் காசநோய் அபாயம் அதிகம் என்பது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. எந்தத் தனிக் கிளினிக்காலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சேர்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் தனியாக உட்கார்ந்து ஏற்றுவது. ஆள் இல்லாத இடத்தில் இது மூன்றாம் மாதம் நின்றுவிடும். மற்றது, அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் ரைஸ் பதிவேடு போல, மருத்துவப் பதிவிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வது. யாருக்கும் கூடுதல் வேலை இல்லை என்பதால் இதுவே மேல். ஆனால் தானாக எடுப்பதற்குப் பதிவில் ஏதாவது இருக்க வேண்டுமே? கட்டம் காலியாக இருந்தால் பதிவேட்டிலும் காலிதான்.

குறிப்பெழுதும் ஏஐ டாக்டரின் மாலை நேரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் வாய்விட்டுச் சொல்லாத வீக்கத்தை அது எழுதாது. "மூட்டுகள் பரவாயில்லை" என்று சொன்னால் அதையே நீட்டி மூன்று நல்ல வாக்கியமாகத் தரும். அழுத்திப் பார்க்கும்போதே "வலது இரண்டாவது விரல் கணு வீக்கம், வலி" என்று சத்தமாகச் சொல்லிப் பழகிய டாக்டருக்கு இது கைகொடுக்கும். மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை முதலில் பிடிக்கட்டும். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. குறிப்பாக மருந்தளவும், வாரமா தினமுமா என்பதும்.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் மூன்று கேள்வி. ஸ்கோருக்குத் தனிக் கட்டம் போட்டுத் தருவீர்களா? வெளியே இருக்கும் ஆய்வகத்தின் முடிவுகள் படமாக இல்லாமல் எண்ணாகவே உள்ளே வருமா? நாளைக்கு உங்களை விட்டு வேறு மென்பொருளுக்குப் போனால் இந்த எண்கள் எல்லாம் எங்கள் கையில் எந்த வடிவத்தில் வரும்? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், ஒப்பந்தத்தில் அந்த வரியை எழுதிச் சேர்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.